பச்சை முக்கோணம் சொல்லாத சேதி

(மார்த்தாண்டத்தில் வாழை, ரப்பர் விவசாயிகளும் தொழிலாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது டைதயோகார்பமேட் என்ற வேதிப்பொருள் குடும்பத்தைப் பற்றி. பெயர் வாயில் நுழையவில்லை என்கிறீர்களா? ஆள் உங்களுக்குப் பழக்கமானவர்தான். வாழை இலையில் புள்ளி விழுந்ததும் கடைக்குப் போய் "எம்-45 ஒரு பாக்கெட் தாங்க" என்று கேட்கிறீர்களே, அந்த மஞ்சள் நிறத் தூள் மேன்கோசெப். இந்தக் குடும்பத்தின் பிள்ளை. மழைக்காலத்தில் பால் வெட்டும் பட்டை அழுகாமல் இருக்கப் பூசுகிறீர்களே, அதுவும் அதே தூள்தான். நிலக்கடலை விதையோடு கலந்து விதைக்கும் திரம் இந்தக் குடும்பம். உங்கள் மரத்தில் வடிந்த பால் ஆலைக்குப் போய்க் கையுறையாகவும் பலூனாகவும் மாறுகிறதே, அதை மாற்றுவதும் இந்தக் குடும்பம். குடியை விட நினைக்கிறவருக்கு டாக்டர் எழுதித் தரும் ஒரு மாத்திரையும் இதன் நெருங்கிய உறவு. தோட்டத்தில், ஆலையில், ஆஸ்பத்திரியில் எங்கே திரும்பினாலும் இது இருக்கிறது. இருந்தும் இதைப் பற்றி நமக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்களா?

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கார்பன் டைசல்ஃபைடு என்று ஒரு திரவம். எளிதில் ஆவியாகும், எளிதில் தீப்பிடிக்கும், நரம்பைத் தாக்கும். அதை அமீன் என்ற பொருளோடும் காரத்தோடும் சேர்த்தால் டைதயோகார்பமேட் பிறக்கிறது. இந்தப் பிறப்பை மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். முதலில் இதைப் பயன்படுத்தியவர்கள் ரப்பர்க்காரர்கள். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். ஆனால் வெறும் கந்தகத்தால் அது நடக்க மணிக்கணக்காகும். இந்தக் குடும்பத்துப் பொருள் சிறிதளவு சேர்ந்தால் வேலை சில நிமிடங்களில் முடிகிறது, நூறு டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே முடிகிறது. மெல்லிய கையுறையை அச்சில் முக்கி எடுத்து, கருகாமல் பதப்படுத்த முடிவது இதனால்தான்.

ரப்பருக்கென்று வாங்கிய பொருள் பூசணத்தையும் கொல்லும் என்பது பிறகு தெரிந்தது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த டிஸ்டேல், வில்லியம்ஸ் என்ற இருவருக்கு 1934-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதுவரை உலகம் முழுவதும் பூசண நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையையும் கந்தகத்தையும்தான் பெரிதும் நம்பியிருந்தது. அதன்பின் நாபாம், சினெப், மேனெப் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1960-களின் தொடக்கத்தில் மேன்கோசெப் வந்தது. அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன, இன்னும் ஓடுகிறது.

ஏன் ஓடுகிறது? இதைச் சொல்லாமல் குறையை மட்டும் பேசினால் அது நியாயமாகாது. பல புது மருந்துகள் பூசணத்தின் உடலில் ஏதோ ஓரிடத்தில் மட்டும் தாக்கும். பூசணம் அந்த ஓரிடத்தை மாற்றிக்கொண்டால் மருந்து தோற்றது. மேன்கோசெப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குகிறது. எதை மாற்றித் தப்பும்? அயர்லாந்தில் 1980-இல் நடந்ததைக் கேளுங்கள். உருளைக்கிழங்குக் கருகல் நோய்க்கு மெட்டலாக்சில் என்ற புது மருந்தைத் தனியாகத் தெளித்தார்கள். அந்தப் பருவத்தில் பூசணம் அதை எதிர்த்து நிற்கத் தொடங்கியிருந்தது. மருந்தைச் சந்தையிலிருந்து திரும்ப எடுத்தார்கள். மீண்டும் அது களத்துக்கு வந்தபோது மேன்கோசெப்பின் துணையோடுதான் வந்தது. இன்றைக்குக் கடையில் விற்கும் கூட்டு மருந்துகள் பலவற்றில் மேன்கோசெப் இருப்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே இந்தப் பொருளைத் தூற்ற நான் மேடை ஏறவில்லை. இதற்கு நாம் கொடுத்துவிட்ட நல்ல பெயரைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அந்த நல்ல பெயர் எங்கே எழுதியிருக்கிறது? பாக்கெட்டின் மேலேயே இருக்கிறது. நம் நாட்டில் பூச்சிமருந்துப் பாக்கெட்டுகளில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தில் சிவப்பு இருந்தால் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. மேன்கோசெப் பாக்கெட்டில் இருப்பது பச்சை. பச்சையைப் பார்த்ததும் நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. "இது ஒன்றும் செய்யாதுங்க" என்று கடைக்காரர் சொல்கிறார். கையை விட்டுக் கலக்குகிறோம்.

அந்தப் பச்சை எதை அளந்து போட்டது? ஆய்வுக்கூட எலிக்கு ஒரு தடவை வாய்வழி கொடுத்து, எத்தனை மில்லிகிராம் கொடுத்தால் பாதி எலிகள் சாகின்றன என்று பார்த்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 5000 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்பட்டால் பச்சை. அவ்வளவுதான். ஒரே தடவை விழுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மட்டுமே அது பதில். நீங்கள் யாராவது மேன்கோசெப்பை விழுங்கப் போகிறீர்களா? இல்லை. பத்து வருஷம், இருபது வருஷம், பருவத்துக்குப் பருவம் தெளிக்கப் போகிறீர்கள். அதைப் பற்றிப் பச்சை முக்கோணம் ஒன்றும் சொல்லாது.

மேன்கோசெப் சிதையும்போது எத்திலீன் தயோயூரியா என்ற பொருள் உண்டாகிறது. மூட்டை ஈரப்பட்டால் உண்டாகும். கலக்கிய மருந்தை நாளைக்கு ஆகும் என்று வைத்தால் உண்டாகும். காய்கறியில் ஒட்டியிருந்த மருந்து அடுப்பில் கொதித்தால் உண்டாகும். இது குறிவைப்பது கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியை. அயோடினைக் கொண்டு ஹார்மோன் செய்யும் வேலையை இது தடுக்கிறது. தாய்மார்கள் இதை நன்றாகக் கேட்க வேண்டும். கருவில் இருக்கும் பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. அதன் மூளை வளர்வதற்குத் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம்.

நடு அமெரிக்காவில் கோஸ்டா ரிகா என்று ஒரு சின்ன நாடு. நம்மைப் போலவே வாழை நாடு. அங்கே பெரிய தோட்டங்களில் விமானத்திலிருந்து மேன்கோசெப் தெளிக்கிறார்கள். மாட்டினா என்ற பகுதியில் கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது, நான் சொன்ன அந்தச் சிதைவுப் பொருள் மற்ற நாட்டு மக்களிடம் காண்பதைவிடப் பல மடங்கு இருந்தது. தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களிடம் இன்னும் கூடுதல். அவர்கள் மருந்து தெளித்தவர்களா? பெரும்பாலோர் இல்லை. அங்கே வாழ்ந்தார்கள், துணி துவைத்தார்கள், சமைத்தார்கள்.

நம் வீட்டில் மருந்து தெளித்த சட்டையைத் துவைப்பது யார்? தெளித்தவரா? சாயங்காலம் அவர் கழற்றிப் போட்ட கைலியையும் சட்டையையும், குழந்தைத் துணியோடு ஒரே வாளியில் ஊறப்போட்டு வெறுங்கையால் கசக்குவது அவர் மனைவி. அவள் வயிற்றில் பிள்ளை இருக்கலாம். இந்த ஒரு பழக்கம் இன்றிலிருந்து மாற வேண்டும் என்று இந்த மேடையில் நின்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தெளித்தவரே தனி வாளியில் சோப்புப் போட்டுத் துவைக்கட்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் மருந்து கலக்கும் இடத்துக்கே போகக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மேன்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. கருவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் கேடு, ஹார்மோன்களைக் குலைக்கும் தன்மை என்று காரணம் சொன்னார்கள். திரத்துக்கு 2018-லேயே கதவை அடைத்துவிட்டார்கள். நம் மத்திய அரசும் 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்ய ஒரு வரைவு ஆணை வெளியிட்டது. மேன்கோசெப், திரம், சினெப், சிராம் நான்கும் அதில் இருந்தன. அதற்குப் பிறகும் மேன்கோசெப் நம் கடைகளில் கிடைத்துவருகிறது. தடை வருமா வராதா என்று நாம் காத்திருக்கலாம். நம் உடம்பு காத்திருக்குமா?

அடுத்த சேதிக்கு வருகிறேன். இது திரத்தைப் பற்றியது. விதைக்கடலையில் கிலோவுக்கு நான்கு கிராம் திரம் கலந்து விதைத்தால் முளை அழுகாது, நல்ல முறைதான். ஆனால் வேலை முடித்துக் கை கால் அலம்பி, சாயங்காலம் நேராக டாஸ்மாக் போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டாம், இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், வெளிப்படையாகப் பேசுவோம்.

1937-இல் அமெரிக்காவில் ஓர் ஆலை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். அவர் பெயரும் வில்லியம்ஸ்தான்; காப்புரிமை பெற்றவர் வேறு, இவர் வேறு. ரப்பருக்கான இந்தக் குடும்பத்துப் பொருளோடு வேலை செய்த தொழிலாளர்கள் ஒரு வாய் மது குடித்தாலும் முகம் சிவந்து, தலை வெடிப்பது போல் வலித்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்தார்கள். குடியையே விட்டுவிட்டார்கள். அவர் அதை எழுதி வைத்தார். சில ஆண்டுகள் கழித்து டென்மார்க்கில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகப்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் குடற்புழுவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். டைசல்ஃபிராம் என்ற பொருளைத் தாங்களே விழுங்கிச் சோதித்தார்கள். பிறகு மது அருந்தியபோது இருவருக்கும் அதே முகச் சிவப்பு, அதே படபடப்பு. டைசல்ஃபிராம் திரத்தின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். உடலுக்குள் போனதும் டைதயோகார்பமேட்டாகப் பிரிகிறது. மதுவைச் செரிக்கும் வழியில் பாதியில் அணை கட்டிவிடுகிறது. அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு ரத்தத்தில் தேங்குகிறது. அந்த மாத்திரைதான் இன்று குடி மறுவாழ்வுச் சிகிச்சையில் இருக்கிறது.

டாக்டர் அந்த மாத்திரையைத் தரும்போது இதயத்தைப் பார்க்கிறார், கல்லீரலைப் பார்க்கிறார், நோயாளியிடம் விளக்கிச் சொல்கிறார். திரம் கலந்த கையோடு குடிக்கப் போகிறவரின் இதயத்தை யார் பார்த்தார்கள்? இதயம் பலவீனமானவருக்கு இது உயிரையே பறிக்கலாம். திரம் தொட்ட அன்றும் அடுத்த சில நாட்களும் மது கூடாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். புருஷனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் இந்த மாத்திரையைக் கலந்து கொடுக்கச் சிலர் யோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் அம்மா. அவர் வெளியே போய்க் குடித்து, வழியில் மயங்கி விழுந்தால் காரணம் யாருக்கும் தெரியாது.

திரம் கலந்து மீந்த விதையைக் கோழிக்கு வீசுகிறவர்களும் உண்டு. திரம் தின்ற கோழியின் முட்டை ஓடில்லாமல் தோலாக விழும். குஞ்சுகளின் கால் எலும்பு சரியாக வளராமல் அவை நொண்டும். விதைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பது கண்ணில் பட்டு நாம் ஒதுங்குவதற்காகத்தான்.

இனி தண்ணீருக்கு வருவோம். எலிக்குப் பச்சை என்றால் மீனுக்கும் பச்சையா?

1991 ஜூலை 14 இரவு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டன்ஸ்முயர் என்ற மலை ஊருக்குப் பக்கத்தில், கன்டாரா வளைவில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. ஒரு டாங்கர் வண்டி கீழே சாக்ரமென்டோ ஆற்றில் விழுந்து ஓட்டையானது. அதற்குள் இருந்தது மெட்டாம் சோடியம்; மண்ணைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் இதே குடும்பத்து மருந்து. சுமார் 72,000 லிட்டர் ஆற்றில் கலந்தது. தண்ணீர் பட்டதும் அது சிதைந்து வாயுவாகக் கிளம்பியது. ஊர் மக்களுக்குக் கண் எரிந்தது, மூச்சுத் திணறியது. நூற்றுக்கணக்கானோர் சிகிச்சைக்கு ஓடினார்கள். ஷாஸ்டா ஏரி வரைக்கும் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ஆற்றில் மீன், பூச்சி, நத்தை, நீர்ப்பாசி வரை அழிந்தன. செத்த மீன் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். இதில் என் மனத்தை அறுக்கும் விஷயம் எது தெரியுமா? அன்றைய போக்குவரத்து விதிப்படி அந்தச் சரக்கு அபாயகரமானது என்ற பட்டியலிலேயே இல்லை. டாங்கர் மேல் எச்சரிக்கைப் பலகை கூட இல்லை.

அது விபத்து என்பீர்கள். அன்றாட வேலையில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 1999 டிசம்பர், இந்தியானா மாநிலத்தில் ஆண்டர்சன் என்ற நகரம். வாகன விளக்குகள் செய்யும் ஆலை. உலோக முலாம் பூசிய கழிவுநீரிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்க இந்தக் குடும்பத்து உப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்கு அது அருமையான பொருள்; செம்பு, நிக்கல் எல்லாவற்றையும் பிடித்து அடியில் தள்ளிவிடும். அளவோடு போட்டால்! அளவு மீறியது. மிஞ்சிய மருந்து நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கே கழிவைத் தின்று சுத்தம் செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றது. பிறகு வைட் ஆற்றுக்குள் இறங்கியது. சுமார் 80 கிலோமீட்டர் தூரம் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. தண்ணீரைச் சுத்தம் செய்ய வாங்கிய மருந்து அது!

நம் குழித்துறை ஆறு எங்கே ஓடுகிறது? பேச்சிப்பாறைக் கால்வாய் யார் தோட்டத்தை ஒட்டிப் போகிறது? வேலை முடிந்ததும் தெளிப்பானை எங்கே கழுவுகிறோம்? வாய்க்காலில் முக்கி எடுக்கிறோம். அதே வாய்க்காலில் கொஞ்சம் தள்ளி மாடு குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள். கழுவிய தண்ணீரைத் தெளித்த வாழைக்கே ஊற்றுங்கள். காலிப் பாக்கெட்டை வாய்க்காலில் எறியாதீர்கள், அடுப்பிலும் போடாதீர்கள். எரிந்தால் வரும் புகை, ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தக் கார்பன் டைசல்ஃபைடு சம்பந்தப்பட்டது.

இப்போது தோட்டத்துக்குள் போவோம். லிட்டருக்கு இரண்டு கிராம் என்பது வழக்கமான அளவு. 16 லிட்டர் டேங்குக்கு 32 கிராம். நாம் எப்படி அளக்கிறோம்? கைப்பிடியால் அள்ளிப் போடுகிறோம். மனசு கேட்காமல் இன்னொரு கைப்பிடியும் போடுகிறோம். ஒரு சின்னத் தராசில் ஒருமுறை நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு டப்பாவில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டைக் கிழிக்கும் அந்த நேரத்தில்தான் தூசி முகத்தில் அடிக்கிறது. அதனால் காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, முகமூடி கட்டி, கையுறை போட்டு, கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்துப் பிறகு டேங்கில் ஊற்றுங்கள். இந்த மருந்து இலைக்குள் போகாது, மேலேயே இருக்கும். புள்ளி பரவுமுன் தெளித்தால்தான் பலன். பரவிய பின் இரட்டிப்பு அளவு போட்டாலும் காய்ந்த இலை பச்சையாகாது. வாழை இலையில் மெழுகு இருப்பதால் ஒட்டும் திரவம் சேர்த்தே தெளிக்க வேண்டும். இலைக்கு மேலேயே இருக்கிறது என்பதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. பீன்ஸ், தக்காளி போன்றவற்றை நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். சமைப்பதற்கு முன் கழுவ வேண்டும், வெந்த பிறகு கழுவிப் பயனில்லை.

மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் வையுங்கள். மேனெப், மேன்கோசெப் வகைகள் ஈரப்பட்டுக் குவிந்து கிடந்தால் தாமாகவே சூடேறும். மேனெப்பைத் தானாகத் தீப்பற்றக் கூடிய சரக்கு என்றே கப்பல் விதிகளில் வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

ஆலையில் வேலை செய்யும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஷீட்டுக்கும் கிரேப்புக்கும் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுகிறோம். அதே கொட்டகையில், ரப்பரை விரைவாகப் பதப்படுத்தச் சேர்க்கும் இந்தக் குடும்பத்துத் தூளான ஆக்சிலரேட்டர் மூட்டையை அடுக்கினால்? ஆசிட் பட்டதும் இந்தக் குடும்பம் முழுவதும் பிறந்த வீட்டுக்கே திரும்பும். கார்பன் டைசல்ஃபைடாக வெளியேறும். இரண்டையும் வேறு வேறு அறையில் வையுங்கள். தூள் தரையில் கொட்டினால் ஆசிட் கொண்டு அலம்பாதீர்கள். கையுறையும் பலூனும் செய்யும் இடங்களில் தூளைத் தண்ணீரில் அரைத்துக் குழம்பாக்கிய பிறகு தூசி இல்லை. மூட்டை பிரித்துக் கொட்டும் ஐந்து நிமிடத்துக்குத்தான் முகமூடி கட்டாயம் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் நாம் அதைக் கழற்றி வைக்கிறோம்.

கையுறை போட்டும் கை வெடிக்கிறது, அரிக்கிறது என்று சொல்கிற நர்ஸ்மார்களும் தொழிலாளிப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் சாக்குச் சொல்லவில்லை. கையுறையில் மிஞ்சிய டைதயோகார்பமேட்டும் திரமும் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். தோல் மருத்துவத் துறையில் முதுகில் பட்டை ஒட்டிச் செய்யும் சோதனையில் இது தெரிந்துவிடும். இந்த ஆக்சிலரேட்டர் சேராத நைட்ரைல் கையுறைகள் இப்போது கிடைக்கின்றன. கையுறையைக் கழற்றி எறிவதைவிட அதைக் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால், பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஃபுராடான் குடும்பத்துப் பூச்சிக்கொல்லிக்குக் கார்பமேட் என்று பெயர். அதற்கு அட்ரோபின் ஊசி மாற்று மருந்து. நம் டைதயோகார்பமேட்டுக்கு அது மாற்று மருந்தே கிடையாது. தனி மாற்று மருந்து எதுவுமில்லாததால், உடம்பில் காணும் கோளாறுக்கு ஏற்பத்தான் சிகிச்சை. பாக்கெட் இல்லாமல் "ஏதோ கார்பமேட்டுங்க" என்று சொன்னால் டாக்டருக்கும் வழி தவறும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, பிறகு கிளம்புங்கள்.

கடைக்கார நண்பர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. பெரிய பாக்கெட்டைப் பிரித்து நூறு கிராம், ஐம்பது கிராம் என்று பேப்பரில் மடித்துக் கொடுக்காதீர்கள். பொட்டலத்தில் எச்சரிக்கையும் இருக்காது, தமிழ்த் துண்டுத்தாளும் இருக்காது. அந்தத் துண்டுத்தாளை ஒவ்வொரு பாக்கெட்டோடும் தர வேண்டும் என்பது சட்டம். தோட்ட முதலாளிமார்களே, கையுறையும் முகமூடியும் சோப்பும் கூலியில் பிடிக்காமல் கொடுங்கள். துவைக்கத் தனி வாளியும் தண்ணீரும் தோட்டத்திலேயே வைத்துக் கொடுங்கள். விஷம் தோய்ந்த துணி வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம்.

இந்தக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கும் மருந்துப் பாக்கெட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். கொண்டுவந்தவர்கள் வாசலில் போட்டிருக்கும் மேசைக்கு வாருங்கள். கண்ணாடி மறந்து வந்தவர்களுக்கு நான் படித்துச் சொல்கிறேன். உங்கள் பயிருக்கு அதில் அனுமதி இருக்கிறதா, தெளித்து எத்தனை நாள் கழித்துக் குலை வெட்டலாம் என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் நான் ஊர் திரும்புவேன்.